நட்சத்திரம் விளையாடாத சனிக்கிழமை

ரொறன்ரோ விளையாட்டு அரங்குகளின் ரிக்கற் யன்னல்களுக்குப் பின்னால் இப்போது எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க வராதவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். அம்மா பாதியில் நிறுத்தி, "உந்தாளை எனக்குத் தெரியும், சரியான அலட்டல்" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வதில் பிழையில்லை, ஆனாலும் நான் சொல்ல வந்த விஷயம் உங்களுக்கு உதவும்.

நான் ஓய்வுபெறும்வரை றக்பி லீக் கழகமொன்றின் ரிக்கற் பிரிவில் வேலை செய்தேன். ஹொக்கிக்காகவே உயிர்வாழும் ஊரில் இப்படி ஒரு விளையாட்டை விற்பது, மீன்சந்தைக்குள் கத்தரிக்காய்க் கடை போடுவதுபோல. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவரை மடக்கி விழுத்தவேண்டும். ஆறு முறை மடக்கப்பட்டால் பந்தை மற்றப் பக்கத்திடம் கொடுத்துவிடவேண்டும். கபடியும் கிளித்தட்டும் தெரிந்தவருக்குப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆளை மைதானத்துக்குள் கொண்டுவருவதுதான் என் தொழில். சங்கங்கள், கோயில்கள், பள்ளிக்கூடங்கள் என்று கூட்டமாக வருகிறவர்களுக்கு ரிக்கற் விற்பதை என்னிடம் தந்திருந்தார்கள்.

முதல் இரண்டு பருவமும் ஈயோட்டினோம். மூன்றாவது பருவத்தில் கழகம் ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவந்தது. பசிபிக் தீவொன்றிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போய்க் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டி ஓடும் ஆட்டக்காரர். ஆளைப் பார்த்தால் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி, ஓடத் தொடங்கினால் மான். அவருடைய பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒபிஸில் நாங்களும் சொன்னதில்லை, 'போஸ்ரர்' என்போம். ஸ்ரீற்கார் தரிப்பிடம் எல்லாவற்றிலும் அவருடைய முகம்தான் ஒட்டியிருந்தது.

அவர் வந்த முதல் ஆட்டத்துக்கு யன்னலுக்கு வெளியே வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. எனக்கு வேலை பழக்கியவர் வட இங்கிலாந்துக்காரர், ஆயுள் முழுக்கக் கேற்றிலேயே நின்றவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனார். போஸ்ரரை ஓய்வுக்காக வெளியே எடுத்திருந்தார்கள். சனம் எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியில் பிடித்த அவருடைய படத்தை ஆளுக்காள் காட்டிக்கொண்டு, ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே போனார்கள்.

"உள்ளே வருகிறவர்களின் முகத்தை எவனும் எண்ணுவான்" என்றார் கிழவர். "நீ இங்கே நின்று முதுகுகளைப் பார். முதுகுகள்தான் அடுத்த வருடத்தின் கணக்கு."

எனக்கு அப்போது அது கிழட்டுப் புலம்பலாகத்தான் பட்டது. மனிதர் அந்தப் பருவம் முடிய ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். இப்போதும் எந்த மைதானத்துக்குப் போனாலும் கடைசி இருபது நிமிடம் நான் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, கேற்றைத்தான் பார்க்கிறேன். அவரை நினைக்காமல் பார்க்க முடிவதில்லை.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

என் மனைவி யாழ்ப்பாணத்தில் படித்த பள்ளிக்கூடத்துக்கு இங்கே ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. வருடாவருடம் ஜூலையில் ஸ்காபரோப் பூங்காவொன்றில் கோடைகால ஒன்றுகூடல் வைப்பார்கள். தேசிக்காய் ஓட்டம், சங்கீதக் கதிரை, கயிறிழுத்தல், ஒடியல் கூழ். போஸ்ரர் வந்ததற்கு அடுத்த வருடம் அதை எங்கள் மைதானத்துக்கு மாற்றவேண்டும் என்று நான் பிடியாய் நின்றேன். போஸ்ரர் விளையாடுகிறார், பிள்ளைகள் கண்ணால் காணட்டும், கயிறிழுத்தலை நாங்கள் மற்றச் சனிக்கிழமையும் இழுக்கலாம் என்றேன்.

சங்கத்தின் செயலாளர் பிலோமினா அக்கா. பள்ளிக்கூட பஸ்களை ஓடவிடும் கொம்பனியில் எந்த பஸ் எந்த வீதியால் போவது என்று சொல்லும் வேலை பார்த்தவர். குரலிலேயே ஒரு ஹோர்ன் இருக்கும். அவருக்கு யோசனை பிடித்துக்கொண்டது. பிடிக்காதவர் பழைய தலைவர் சிவபாலன் அண்ணை. நகரின் கிழக்கு ஓரத்து ரூஜில் பெரிய வீடு, கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் பாடசாலை றக்பி பார்த்துப் பழகியவர்.

"அங்க பதினைஞ்சு பேர் விளையாடினவை. இஞ்ச பதின்மூண்டு பேராம். மிச்சம் ரெண்டு பேரும் எங்க, கூழ் குடிக்கப் போட்டினமோ?" என்று கூட்டத்தில் கேட்டார். சபை சிரித்தது. பிலோமினா அக்கா எழும்பி, "என்ர பொறுப்பு. பிழையாப் போனால் அடுத்த நிர்வாகத்தில நான் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தச் சொல்லை அவர் சொன்னது என்னை நம்பி. இதை நீங்கள் மறக்கவேண்டாம், நானும் மறக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பிரபலத்தைக் கண்டால் கை சும்மா இருக்காதே. பொன்னாடை போர்த்த வேண்டும், மாலை போட வேண்டும், வாழ்த்துமடல் வாசித்துச் சட்டம் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். சங்கத்தின் வாழ்த்துமடல் எல்லாவற்றையும் எழுதுகிறவர் சிவபாலன் அண்ணைதான். எதிர்த்து வாக்களித்த மனிதர் அந்த வேலையை மட்டும் வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. நான் கழகத்தில் கேட்டு, ஆட்டம் முடிந்ததும் வேலியோரத்தில் ஐந்து நிமிடம் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் ஒரு மணிக்கு. காலை ஒன்பதரைக்கு ரிக்கற் அறைக்குள் நுழைகிறேன், எதிரே எங்கள் மாக்கெற்றிங் பொறுப்பாளர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். முதல்நாள் பயிற்சியில் போஸ்ரரின் கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது, விளையாடமாட்டார். பன்னிரண்டு மணிக்கு, மாற்று ஆட்டக்காரர்களோடு சேர்த்துப் பதினேழு பேரின் பட்டியல் ஒலிபெருக்கியில் வாசிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கைத்தடியோடு நிற்கிற அவரை ஒருவரும் காணவும் கூடாது, அடுத்த ஆட்டத்துக்கான ரிக்கற்றும் படுத்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்களுடையது அந்த ஊரிலேயே பெரிய பூசணிக்காய்.

பத்து மணிக்கு என் தொலைபேசி அடித்தது. பிலோமினா அக்கா. பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"தம்பி, மூண்டு பஸ்ஸும் ஏத்தியாச்சு. எல்லாம் சரிதானே?"

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் உங்களுக்கு வரும் நெருக்கடிகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். மணி அடித்துக்கொண்டு, அன்பான குரலில், ஒரு சின்னக் கேள்வியாக வரும். யோசிக்க நேரம் தராது. உண்மையைச் சொல்லியிருந்தால் பஸ் திரும்பிப் பூங்காவுக்குப் போயிருக்கும், ஒன்றுகூடலும் வழக்கம்போல நடந்திருக்கும். அவர்களுக்கென்று ஒதுக்கிய வரிசைகள் வெறுமையாகக் கிடப்பது எனக்குக் கண்ணுக்குள் வந்தது. பொறுப்பாளரின் முகமும் வந்தது.

"ஓம் அக்கா. எல்லாம் சரி. வெளிக்கிடுங்கோ" என்றேன்.

பொய் சொன்னது வெட்கம். என்னை நம்பிய ஒருவருக்குச் சொன்னது அதைவிட வெட்கம்.

பதினொன்றரைக்கு மஞ்சள் பஸ் மூன்றும் வந்து நின்றன. சங்கத்தின் ரீசேட் போட்டுக்கொண்டு சனம் இறங்கியது. வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று நான் பத்துத் தரம் சொல்லியும் றோல்ஸ் மணந்தது. ஒருவர் மாலையை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். சிவபாலன் அண்ணை கோட்டுப் போட்டு, சட்டம் போட்ட வாழ்த்துமடலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பிலோமினா அக்கா என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்" என்றார். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கி பட்டியலை வாசித்தது. பதினேழு பெயர். போஸ்ரரின் பெயர் இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு சின்னப் பெண், "Wait, he's not playing? அப்ப ஏன் வந்தனாங்கள்?" என்று உரத்துக் கேட்டாள். சிவபாலன் அண்ணை கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

"நான் சொன்னனான். கேட்டியளோ? மாப்பிள்ளை இல்லாத கலியாணத்துக்கு மூண்டு பஸ்ஸில சனத்தை ஏத்திக்கொண்டு வந்திருக்கிறம்."

பிலோமினா அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, உமக்குக் காலமையே தெரியுமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் இப்போதுதான் அக்கா தெரியும் என்று சொன்னால் யார் கண்டது? ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பொய்தான் என்னால் தாங்க முடியும் போலிருக்கிறது.

"தெரியும் அக்கா. நீங்கள் போன் எடுக்கேக்க தெரியும்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, "டிறைவர்மார் கிட்டத்தான் நிக்கினம். அரை மணித்தியாலத்தில பஸ் மூண்டும் வரும். பூங்காவுக்குப் போனால் பிள்ளையளுக்கு ஓட்டமெண்டாலும் வைக்கலாம்" என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்து நிமிசம் தாறன். இந்தச் சனம் இருக்கிறதுக்கு ஒரு காரணம் சொல்லும். இல்லாட்டி நான் டிறைவர்மாரைக் கூப்பிடுறன்."

ரிக்கற் விற்கிறவர்கள் ஆட்டக்காரர்களின் பக்கத்துக்குப் போகக் கூடாது என்பது சட்டம். நான் ஓடினேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, ஓட்டம் என்று அதைச் சொல்வது ஓட்டத்துக்கு மரியாதை இல்லை. மருத்துவ அறைக்குள் போஸ்ரர் தனியாக, காலை ஒரு வாங்கின்மேல் நீட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் மறித்துவைத்த பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

நான் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னேன். உன்னைக் கௌரவிக்க என்று என் ஆட்கள் வந்திருக்கிறார்கள். தோளில் ஒரு பட்டுத்துணி போர்த்துவார்கள், மாலை போடுவார்கள். நீ விளையாடவில்லை என்று தெரிந்தும் அவர்களை நான் வரச்சொல்லிவிட்டேன். பிழை என்னுடையது.

அவர் துணி என்ற இடத்தில் தலையை நிமிர்த்தினார்.

"போர்த்துவார்களா? விளையாடாதவனுக்கும் போர்த்துவார்களா?"

"அது எனக்குத் தெரியாது" என்றேன். அதுதான் உண்மை.

"என் அம்மாவின் தீவில் விருந்தாளிக்குத் துணிபோல மெல்லிசாகப் பின்னிய பாய் போர்த்துவோம், மாலை போடுவோம்" என்று சொல்லிக்கொண்டே கைத்தடிகளை எடுத்தார். "அம்மா இங்கே இருந்தால், வந்த சனத்துக்கு முகம் காட்டாமல் உள்ளே இருந்ததற்கு எனக்கு அடி விழும்."

வெளிவாசலில் மாக்கெற்றிங் பொறுப்பாளர் நின்றார். போஸ்ரர் அவரைத் தாண்டிப் போனார். அவ்வளவு பெரிய உடம்பு தாண்டிப் போகும்போது தடுப்பதற்கு யாருக்கும் மனம் வராது.

எங்கள் சனம் இருந்த பகுதியின் படியில் அவர் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். பிலோமினா அக்கா தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்தார். போஸ்ரர் நேராகப் போய், சிவபாலன் அண்ணைக்கும் அக்காவுக்கும் நடுவில், அந்த நீட்டு அலுமினிய வாங்கில், காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ ஒரு றோல்ஸைக் கொடுத்தார்கள். இரண்டு கடியில் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஆள்.

ஆட்டம் தொடங்கியது. அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பந்தைப் பார்க்காதீர்கள், அந்த ஒன்பதாம் நம்பரைப் பாருங்கள் என்றார். ஒன்பதாம் நம்பர் குள்ளமான, மொட்டைத் தலை மனிதர், எந்தச் சுவரொட்டியிலும் இல்லாதவர். "யார் விழுந்தாலும் பந்தை எடுக்க அங்கே முதல் நிற்பவர் அவர். நான் ஓடுவது நாலு முறை. அவர் ஓடுவது நாள் முழுக்க. அவர் இல்லாவிட்டால் என் கைக்குப் பந்தே வராது." அக்காவுக்கு அது போதும். பஸ் யார் ஓட்டினாலும் அதை வழி அனுப்புகிறவர் ஒருவர் உண்டு என்று தெரிந்தவர் அல்லவா. ஒன்பது எழும்பும் ஒவ்வொரு முறையும் "அப்பிடித்தான் ராசா!" என்று அந்த ஹோர்ன் குரலில் கத்தினார். பாதி ஆட்டத்துக்குள் மூன்று பஸ் சனமும் கத்தியது. சிவபாலன் அண்ணை, "இது எங்கட கிளித்தட்டு மாதிரித்தான் கிடக்கு" என்று போஸ்ரருக்குக் கிளித்தட்டு விளங்கப்படுத்தத் தொடங்கினார். மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

கடைசி இருபது நிமிடம் நான் கேற்றடிக்குப் போனேன். எங்கள் சனத்தின் ஒரு முதுகும் வெளியே வரவில்லை. ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தோம், அப்படியும் வரவில்லை. கிழவருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும் போலிருந்தது. அங்கே என்ன நேரம் என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன், எடுத்திருக்கலாம்.

ஆட்டம் முடிந்து வேலியோரத்தில் பொன்னாடை. பிலோமினா அக்காவுக்கு எட்டவில்லை. அவர் கேட்காமலே போஸ்ரர் குனிந்தார். துணியை வாங்கத் தெரிந்த குனிவு அது. எங்கள் ஊர்ப் பிரபலங்கள் அதை இழுத்துப் பக்கத்தில் நிற்பவனிடம் எறிவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். இவர் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு வாழ்த்துமடல். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. வாழ்த்துமடல் போன கிழமையே அச்சடித்தது. இன்றைய ஆட்டத்தில் அவர் காட்டப்போகும் வீரத்தை எல்லாம் நடந்து முடிந்ததாக வைத்து எழுதியிருந்தது. எங்கள் சங்கங்களில் அதுதானே வழக்கம். பேச்சாளர் வாய் திறக்க முன்னமே அவருடைய பேச்சு மிகச் சிறந்தது என்று மடல் தயாராகிவிடும். எதிர்த்து நின்ற மனிதருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? உள்ளதை உள்ளபடி வாசித்தாலே போதும், அக்காவின் செயலாளர் பதவி சிரிப்பிலேயே போய்விடும்.

சிவபாலன் அண்ணை தொண்டையைச் செருமினார். "இன்று ஆடுகளத்தில் நீவிர் புயலெனப் பாய்ந்து..." என்று வாசிக்கத் தொடங்கி, நிறுத்தினார். சட்டத்தைக் கீழே இறக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். பேப்பர் இல்லாமல் சொன்னார்.

"இன்று நீவிர் ஆடவில்லை. நொந்த காலோடு படியேறி வந்து எம்மோடு இருந்தீர். எமக்கு ஆட்டம் காட்ட ஆயிரம் பேர் வருவர். எம்மோடு இருக்க வந்தவர் நீவிர் ஒருவரே."

அவ்வளவுதான். அவர் ஆயுளில் வாசித்த ஆகக் குறுகிய வாழ்த்துமடல் அதுவாகத்தான் இருக்கும். ஒரு சொல்லும் விளங்காமலே போஸ்ரர் அழுதார். நானும் அழுதேன், எனக்கு விளங்கியபடியால். பிலோமினா அக்கா மட்டும் அழவில்லை, பஸ்ஸுக்கு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள், ஆட்டக்காரர்களின் பக்கத்துக்குப் போனதற்காக. பொய் சொன்னதற்கு யாரும் கடிதம் தரவில்லை. அதை நானே எனக்கு எழுதிவைத்திருக்கிறேன்.

பருவம் முடிய போஸ்ரர் வேறு கழகத்துக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் சனம் குறையும் என்று ஒபிஸில் எல்லோரும் சொன்னார்கள். குறைந்ததுதான், பொய் சொல்லமாட்டேன். வரிசை தெருமுனையிலிருந்து யன்னலடிக்குச் சுருங்கியது. நட்சத்திரம் இல்லாமல் வாசலில் கூட்டம் சேராது, அதை நம்பாதவன் இந்தத் தொழிலுக்குச் சரிவரமாட்டான். ஆனால் அந்த ஜூலையில் பழைய மாணவர் சங்கம் ஒன்றுகூடலுக்கு எங்கள் மைதானத்தையே மறுபடி கேட்டது. பிரேரித்தவர் சிவபாலன் அண்ணை. வந்தது மூன்று பஸ் அல்ல, இரண்டு. அந்த இரண்டிலும் இருந்தவர்கள் எதற்கு வருகிறோம் என்று தெரிந்து வந்தவர்கள்.

அன்று காலை பத்து மணிக்கு, போன வருடம் அடித்த அதே நேரத்துக்கு, என் தொலைபேசி அடித்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"தம்பி, ஒன்பதாம் நம்பர் விளையாடுறாரோ?"

முந்தைய நாள்தான் அந்த மனிதருக்குத் தோள்மூட்டு விலகியிருந்தது. பட்டியல் வெளியாக இன்னும் இரண்டு மணிநேரம் இருந்தது. மாக்கெற்றிங் பொறுப்பாளர் பக்கத்து மேசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அக்கா. தோள்மூட்டு விலகிப்போச்சு. இண்டைக்கு இல்லை" என்றேன்.

மறுமுனையில் பஸ் எஞ்சின் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பூங்காவுக்குத் திருப்பச் சொல்லப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாவம் பெடியன்" என்றார் அக்கா. "உள்ளுக்குத் தனிய இருக்க விடாதையும். ஆளைக் கூட்டிக்கொண்டுவந்து எங்கட வாங்கில இருத்தும், நாங்கள் வாறம்."